நான் வாங்காத கடனுக்கு அம்மன் கொண்டுவந்து நிறுத்திய ஆள்

செல்லாண்டியம்மனைக் கும்பிடும் பங்காளிகளுக்கும் தாய்மார்களுக்கும் ரிக் செல்லமுத்து எழுதுவது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் குழாய் தூக்கி, தூசி தின்று, வடக்கே பாஷை தெரியாத ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் திருச்செங்கோட்டில் சொந்த ரிக் நிறுத்தினேன். வெறுங்கையோடு கிளம்பி என் அளவுக்கு மேலே வந்தவன் எங்கள் பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். ரெண்டாவது ரிக்குக்கு அஸ்தம்பட்டியில் ஒரு ஃபைனான்ஸில் கடன் வாங்கினேன். ஒரு தவணை தவறியதில்லை. அடைத்து முடித்த அன்று மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

அப்படிப்பட்ட என்னைப் போன ஆடியில் கடன் கட்டாதவன் என்று எழுதிவிட்டார்கள்.

என் மகன் கார்த்தி நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை கட்டிக்கொண்டிருந்தான். தூண்கள் எழும்பிவிட்டன. கூரை போட வங்கிக் கடன் வேண்டும். நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். வங்கிக்காரர்கள் என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். என் பெயரில் அதே அஸ்தம்பட்டி ஃபைனான்ஸில் ஒரு சரக்கு வண்டிக் கடன் இருக்கிறதாம். மாதக்கணக்கில் தவணை நிற்கிறதாம். நான் எந்தக் காலத்தில் சரக்கு வண்டி வாங்கினேன்?

வங்கி கடன் கிடையாது என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கார்த்தி ஒன்று கேட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்பா, எங்களுக்குத் தெரியாம யாருக்காச்சும் வண்டி எடுத்துக் குடுத்தீங்களா? சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

பெற்ற மகன் என்னைக் கேட்கிறான்! சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேச்சு இல்லை. கூரை இல்லாத தூண்கள் மழையில் நனைந்தன.

அதற்கு முன்பே தவணை கட்டச் சொல்லி எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஏமாற்றுக்காரப் பயல்கள் என்று திட்டி வைத்துவிடுவேன். இப்போது அஸ்தம்பட்டிக்கே போனேன். பழைய மேனேஜர் இல்லை. புதிதாக ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, சிஸ்டத்துல உங்க பேரு, உங்கப்பா பேரு, பான் நம்பர் எல்லாம் சரியா இருக்கு. நீங்க மறந்திருப்பீங்க."

"மறந்து வெச்சுட்டு வாரதுக்கு அது என்ன குடையா தம்பி? சரக்கு வண்டி!"

சிரித்தான். எனக்குக் கண் சிவந்துவிட்டது.

ரிப்போர்ட் போடும் கம்பெனிக்கு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இது என் கடன் இல்லை என்று புகார் அனுப்பினேன். அவர்கள் அதே ஃபைனான்ஸைக் கேட்டார்கள். ஃபைனான்ஸ் சரிதான் என்றது. புகார் முடிந்தது என்று பதில் வந்துவிட்டது. தப்பு செய்தவனையே கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள். இதற்குப் படித்தவர்கள் வேறு!

வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்குத் தட்டுக் கொடுத்தேன். நான் கோயிலுக்குக் கொடுப்பவனே தவிர, கேட்பவன் இல்லை. அன்றைக்குக் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

"ஆத்தா, உன்ற கோபுரத்துக்கு நான் என்ன குடுத்தேன்னு உனக்குத் தெரியும். இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. என்னையக் கடன்காரனாக்குனவன இங்கயே கொண்டாந்து நிறுத்து. இல்லீனா இனி உன்ற வாசப்படி மிதிக்கமாட்டேன்."

பக்கத்தில் நின்ற பெண்கள் விலகிக்கொண்டார்கள். அந்த நேரம் பூசாரி அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்து கூப்பிட்டார். "ராமசாமி மகன் செல்லமுத்து!"

நான் கை நீட்டினேன். இன்னொரு கை அதற்குள் தட்டைப் பிடித்துவிட்டது.

எங்கள் குலத்தில் அந்தக் காலத்தில் தலைச்சன் பையனுக்கு அம்மன் பெயரைச் சேர்த்து செல்லமுத்து என்றுதான் வைப்பார்கள். ராமசாமிகளுக்கும் பஞ்சமில்லை.

"ஏனுங்க, அது என்ற தட்டுங்க" என்றேன்.

"நான்தானுங்கண்ணா ராமசாமி மகன் செல்லமுத்து. ஓமலூருங்க. வேண்டுதல் ஒண்ணு, அதான் வந்தேன்."

"என்ன வேண்டுதல்?"

"சரக்கு வண்டி ஒண்ணு எடுத்தனுங்க. ஓட்டமில்லாம தவணை நின்னுபோச்சு. அஸ்தம்பட்டி ஃபைனான்ஸ்காரங்க சும்மா விடுவாங்களா? ஆனா ஆத்தா புண்ணியம், இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் வர்லீங்க! அதுக்குத்தான் அர்ச்சனை."

பங்காளிகளே, எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அடுத்த நொடியே ரத்தம் கொதித்தது.

"எப்படிடா வரும்? உன்ற போனெல்லாம் எனக்குத்தான்டா வருது!"

சட்டையைப் பிடித்துவிட்டேன். பூசாரி நடுவில் பாய்ந்தார். "சாமி, சன்னதிங்க! கைய எடுங்க!"

கையை எடுத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "இது என்ற கடன்னு அங்க வந்து எழுதிக் குடு. முடியாதுன்னா அவளப் பாத்துச் சொல்லு" என்றேன். அவன் அம்மனைப் பார்த்தான்.

"வாரேனுங்கண்ணா. அவ என்னையப் பொழைக்கத்தான் விட்டா, பொய் சொல்லச் சொல்லல."

திங்கட்கிழமை அவனோடு அஸ்தம்பட்டி போனேன். என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பி, கார்த்தியும் வந்து பின்னால் நின்றான். கடன் ஃபைலை எடுத்தால் போட்டோ ஓமலூர்க்காரனுடையது, கையெழுத்தும் அவனுடையது. அவனுக்குக் கடன் கொடுத்த அன்று கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டியிருக்கிறார்கள், என் பழைய கணக்கு வந்திருக்கிறது, ஆளைப் பார்க்காமல் அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். பான் நம்பரும் போன் நம்பரும் என்னுடையதாகவே போய்விட்டன.

"சின்ன மிஸ்டேக்குதான் ஐயா, மாத்திடலாம்" என்றான் அந்தத் தம்பி.

நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்தி முன்னால் வந்துவிட்டான்.

"எதுங்க சின்னது? எங்கப்பாவ நானே சந்தேகப்பட்டேன். எந்திரிச்சு நின்னு அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறமா கம்ப்யூட்டரத் தொடுங்க."

அந்தத் தம்பி எழுந்து நின்றான். கேட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைனான்ஸ் எழுதிக் கொடுத்ததை வைத்து மறுபடியும் புகார் அனுப்பினோம். ரிப்போர்ட் திருந்தியது. கடன் வந்தது. கூரை ஏறியது, கோழிக் குஞ்சுகளும் இறங்கிவிட்டன. ஓமலூர்க்காரனுக்குத் தவணையைக் குறைத்து நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஃபைனான்ஸுக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் கோயிலில் நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் முதல் மரியாதை கேட்டு நிற்பேன். இப்போது வரிசையில் நின்று, எனக்குக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

நீங்களும் உங்கள் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்கள், காசில்லாமலே கிடைக்கிறது. தப்பாக இருந்தால் ஒரு தடவை மறுத்தார்கள் என்று உட்காராதீர்கள், ஆதாரத்தோடு திரும்ப எழுதுங்கள். அதோடு ஆத்தாவையும் கேளுங்கள். உங்கள் மேல் தப்பில்லை என்றால் குரலைத் தாழ்த்த வேண்டாம். நான் கத்தித்தான் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.