பூட்டிய அறைக்கு இருபத்தாறு டிகிரி

குவைத்தில் வீடுகளுக்குச் சூடேற்றும் வேலை பார்க்கிறேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களை ஜனவரியில் பாலைவனத்தோர வில்லா ஒன்றில் விடியும்வரை வெறுங்காலோடு நிறுத்திவைக்க வேண்டும். காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட் பம்ப் ஒன்று, குளிர் முற்றினால் கைகொடுக்கக் கேஸ் பாய்லர் ஒன்று. இரண்டும் சூடாக்கும் தண்ணீர் தரைக்கடியில் குழாய்களில் ஓடும். பகல் வெயிலில் இதைச் சோதித்துப் பயனில்லை. அதனால் எனக்கு எப்போதும் நைட் டூட்டி. யாரும் சொல்லித்தராமல், விரலைச் சுட்டுக்கொண்டு கற்ற தொழில். தூக்கம் வராதவனுக்குத் தோதானது. நைட் டூட்டிக்காரர்களே, நான் சொல்வதை நீங்களாவது நம்புவீர்கள்.

பதினாறில் வைத்த அறை

வில்லாவின் சொந்தக்காரர் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசி அறை பூட்டியிருந்தது. அவருடைய அப்பா இருந்து இறந்த அறை. ஆள் இல்லாததால் பதினாறு டிகிரி போதும் என்றார். திறந்து, சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பதினாறில் வைத்துப் பூட்டினோம்.

விடியற்காலையில் பாய்லர் தானாகக் ‘குப்’பென்று பற்றியது. எந்த அறை சூடு கேட்கிறது என்று பேனலில் பார்த்தால், அதே அறை. இருபத்தாறு. கதவுக்கு வெளியே தரையைத் தொட்டேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கைபோல் வெதுவெதுப்பு. கேஸ் வேலை பார்க்கும் மாரியப்பன் எட்டிப் பார்த்துச் சொன்னான்: “செத்தவருக்குக் குளிருதாம்ண்ணே. கம்பளி ஒண்ணு வாங்கிக் குடுத்துருவமா?”

சந்தேகம்

அடுத்த மூன்று நாளும் இதே கதை. சொந்தக்காரரைத் திறக்கச் சொல்லி நான் குறைப்பேன், விடிவதற்குள் ஏறியிருக்கும். சொந்தக்காரருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கையில்லை. அவரைத் தவிர, அந்த அறையைப் பெருக்கச் சாவி வைத்திருப்பது இலங்கையிலிருந்து வந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்திதான். சொந்தக்காரர் அரபியும் இந்தியும் கலந்து என்னிடம் சொன்னார்: “அவள்தானா என்று பார்த்துச் சொல். நாளைக்கே ஊருக்கு அனுப்புகிறேன். கலாஸ், முடிந்தது!”

வவுனியாக்காரி

அன்று பின்னிரவில் அந்த அறைக்கு வெளியே நடையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளுக்கும் நேரத்தில் பூட்டு உள்ளேயிருந்து திறந்தது. சுருட்டிய போர்வையோடு அந்த வேலைக்காரப் பெண் ஜெயந்தி வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுக்குக் கொடுத்திருந்தது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. எங்கள் வரைபடத்தில் அங்கே ஒரு குழாய்கூடக் கிடையாது. “சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. வவுனியாவில ரெண்டு பிள்ளையள் என்னை நம்பிப் படிக்குதுகள். மேல குளிருக்கு விரல் மடங்குதில்லை.”

ஒப்படைத்த நாள்

“யார்?” என்று கேட்டார் சொந்தக்காரர். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய அம்மா. சென்சார் கோளாறு என்றேன். வாய் கூசவில்லை. அப்படியானால் அந்த அறைக்குப் போகும் வால்வையே மூடிவிடு என்றார். வால்வை மூட நான் கீழே குனிந்தேன். அத்தனை நாளும் வாயே திறக்காத கிழவி, என் கையைப் பார்த்தபடி மகனிடம் அரபியில் சொன்னாள். அரைகுறை அரபி தெரிந்த எனக்கும் புரிந்தது: “மூடாதே. அவருக்குக் குளிர் ஆகாது.”

மாடிக்கு ஒரு குழாய்

மிஞ்சிய குழாயையும் ஒரு சின்ன ரேடியேட்டரையும் வைத்து மாடி அறைக்கு இணைப்புக் கொடுத்தோம். கேட்டவர்களிடம் “டெஸ்டிங் பாயிண்ட்” என்றான் மாரியப்பன், முகம் மாறாமல். ஜெயந்தி ரேடியேட்டரில் இரண்டு கைகளையும் வைத்து அப்படியே நின்றாள். இனிமேல் கீழே போய்ப் பெரியவர் அறையில் சூட்டைக் கூட்டி மாட்டிக்கொள்ளாதே அம்மா என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “நான் அந்தப் பொத்தானைத் தொட்டதேயில்லை அண்ணை. நான் போகேக்கையே அறை சூடாத்தான் இருக்கும். நீங்கள்தான் பாவம் பாத்துக் கூட்டி வச்சிட்டுப் போறியள் எண்டெல்லோ நினைச்சன்.”

அதிலிருந்து எந்த வில்லாவுக்குப் போனாலும் எத்தனை அறை என்று கேட்டுக்கொள்கிறேனே தவிர, எத்தனை பேர் என்று கேட்பதில்லை.