மாதுளையடியில் புதைத்த பிரெஞ்சுப் பீங்கான்

எனக்குப் பீங்கான் பைத்தியம் பிடித்தது குருநகரில்தான். என்னோடு படிப்பித்த ஒருத்தியின் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவள் அலுமாரிக்குள் ஒரு பீங்கான் தட்டு. நீலக் கரை, நடுவில் ஒற்றைக் காலைத் தூக்கிய சேவல்.

"உது பிரெஞ்சுச் சுவாமிமாரின்ரை. எங்கடை அப்பா அவையளுக்குச் சமைச்சுப் போட்டவர். பிடிச்சா கொண்டுபோவன்" என்றாள்.

சொன்னதுதான் தாமதம், சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஆசை விடவில்லை. அந்தப் பழைய பாதிரிமார் விட்டுப்போனவற்றைத் தேடிக் கரையோர வீடுகளெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லாம் கையால் தீட்டியவை. ஒரு சேவலுக்கு வாலில் மூன்று இழுப்பு, இன்னொன்றுக்கு நான்கு. பின்பக்கத்தில் தீட்டியவரின் எழுத்து.

எங்கள் வீடோ உரும்பிராயில், சுத்த சைவம். என் கணவர் கண்டுவிட்டுக் குதித்தார். "மாட்டிறைச்சி வைச்சுத் திண்ட பீங்கானை என்ரை வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறீரே? நாளைக்கே திருப்பிக் குடும்!"

கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கொடுக்கவில்லை. அவர் வெங்காயத் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றி, தகர றங்குப்பெட்டியில் அடுக்கி, மாதுளையடியில் புதைத்தேன்.

அடுத்த கிழமை ஊருக்குள் இந்திய ஆமி வந்தது. வளவு வளவாக இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். புது மண் கண்டால் ஆயுதம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் முற்றத்தில் நின்ற சிப்பாய்களில் தமிழ் தெரிந்த ஒருவன் என் கணவரைக் கேட்டான்.

"எதாச்சும் பொதைச்சு வச்சிருக்கியா?"

"கடவுளாணை ஒண்டுமில்லை, ஐயா."

அவர் அறிந்த உண்மை அது. அந்தக் கணத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பாவி நான், ஆமியைவிட அவருக்குப் பயந்தேன்.

மாதுளையடியில் கம்பி டங்கென்றது.

அவரை முழங்காலில் இருத்தி, துவக்கைப் பிடரியில் வைத்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் குண்டென்று பயந்து பின்வாங்கி நின்று, பெட்டியை அவரையே திறக்கச் சொன்னார்கள்.

"ஐயோ, அவருக்குத் தெரியாது! அது என்ரை! சாப்பிடுற பீங்கான்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கையால் மண்ணைப் பறித்துப் பெட்டியைத் திறந்து, வேட்டித் துண்டை அவிழ்த்து ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். அவசரத்தில் அது நழுவி விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது.

தமிழ் தெரிந்தவன் குனிந்து பார்த்தான். "தட்டு சார், வெறும் தட்டு" என்றான். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் கிணற்றடிக்குப் போய் வாளியோடு தண்ணீர் குடித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"இன்னும் எங்கையேன் மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சிருக்கிறீரே? உண்மையைச் சொல்லும்."

"இல்லை" என்றேன்.

பெட்டி கொள்ளாத ஐந்து தட்டுகள் வாழையடியில் சாக்கோடு புதைந்து கிடந்தன. அதன் பிறகு ஆமி கம்பியோடு வந்த போதெல்லாம், சட்டி தேய்க்கிற சாட்டில் அந்த இடத்தில் போய்க் குந்தினேன். அவரோ என் சொல்லை நம்பி, அவர்களைத் தானே கூட்டிக்கொண்டுபோய் வளவு முழுவதையும் காட்டினார்.