இசைத்தட்டில் ‘சபையார்’

“சொல்லுங்கய்யா” என்று லூவீனியா அம்மாள் குரல் கொடுத்தால்தான் போதகருக்கு அடுத்த வாக்கியம் வரும். அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் சபையில் இரண்டாம் பெஞ்சின் ஓரம் அவளுடையது. சவப்பெட்டிக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த அட்டை விசிறியை வீசிக்கொண்டே, “ஆமா ஆமா”, “மெதுவா வாங்க”, “அங்கதான் இருக்கு விஷயம்” என்று பதில் போடுவாள். பிரசங்கம் சொதப்பினால் “ஆண்டவரே, இவருக்குக் கொஞ்சம் கைகொடும்” என்பாள். சபை சிரித்துவிடும்.

வார நாட்களில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். பஸ்ஸில் யாரோ யாரிடமோ புலம்பினால்கூட, “அப்படித்தான் கண்ணு” என்று இவள் பங்குக்கு ஒன்று விழும். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சிகாகோவுக்குப் போனதோடு சரி.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து, ஒரு கிடங்கில் எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளி தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். அப்போதைய போதகர் இவளையும் இவள் தங்கை ஆர்தீலியாவையும் கூட்டிப்போனார். தட்டின் ஒரு பக்கம் பிரசங்கம், மறுபக்கம் பாட்டு. பருத்திக் காட்டில் களை வெட்டும்போது இவள் அம்மா பாடிய பாட்டு அது. எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். தட்டில் போதகர் பெயரைப் போட்டு, ‘சபையாருடன்’ என்று அச்சடித்தார்கள்.

“என்ன பெரிய சபையார். நானும் என் தங்கச்சியுந்தான் அம்புட்டு சபையும்” என்பாள். தங்கை இப்போது இல்லை. பாட்டு மட்டும் ஊர் ஊராகப் போய், யார் யாரோ பாடி, பியானோவும் வேகமுமாகத் திரும்பி வந்திருக்கிறது. “எங்கம்மா இம்புட்டு வேகமா களை வெட்டினதே இல்ல.”

புதிய போதகர் விட்லோ இளைஞர். ஞாயிறு ஆராதனையை ரேடியோவில் ஒலிபரப்ப ஏற்பாடானதும், தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மைக்ல என் குரலை முந்திக்கிட்டு உங்க குரல்தான் விழுதாம். மனசுக்குள்ள சொல்லிக்குங்களேன்.”

“மனசுக்குள்ள சொன்னா உங்களுக்கு எப்படிய்யா கேக்கும்?”

சபை மூப்பர் ஒருவர் பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டி, “இதை வாயில அடக்கிக்குங்கக்கா” என்றார். மிட்டாயை வாங்கிக்கொண்டாள். “வாயை மூடிக்கிட்டு அங்க உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும். வீட்லயே கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஒலிபரப்பு நாளன்று சபைக்குப் போகும் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகச் சமையலறையில் உட்கார்ந்தாள். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தது. விட்லோ கணீரென்று ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் முடிந்ததும் வழக்கம்போல நிறுத்தினார். பதில் இல்லை. யாரோ இருமினார்கள். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை சுரத்தில்லை. மறுபடியும் நின்றார்.

தங்கை போன அன்றுகூட இத்தனை தனிமையை அம்மாள் உணர்ந்ததில்லை. எழுந்துபோய் ரேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

“சொல்லு மகனே,” என்றாள். “நான் இங்கதான் இருக்கேன்.”