ஏழாம் நம்பர் ஸ்க்ரூ டிரைவர்

1. ஆயிரத்து ஐந்நூறு அடியில்

கன்ட்ரோல் ஸ்டிக் பாதிக்கு மேல் பின்னால் வரவில்லை. தரையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருந்தோம். பக்கத்து சீட்டில் என் மனைவி கலாவதி. பல வருடம் கெஞ்சிய பிறகு, அன்றுதான் முதல் தடவையாக என்னோடு பறக்க வந்திருந்தாள்.

ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே எழும். தரையைத் தொடுவதற்கு முந்தைய சில விநாடிகளில் அப்படி இழுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு போய்த் தரையில் குத்தும்.

நான் விமானப்படையில் இருபது வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். அடுத்தவன் ஓட்டும் விமானத்தைப் பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். ஓய்வுக்குப் பிறகு பி.எட். முடித்து, மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார் ஆனேன். பென்ஷனையும் சம்பளத்தையும் சேர்த்துக்கொண்டு மைக்ரோலைட் என்ற இரண்டு சீட் குட்டி விமானம் ஓட்டக் கற்றேன். ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் பறப்பேன். ஐம்பது வயதுக்கு மேல் எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை.

மறுபடி மெதுவாக இழுத்தேன். சீட்டுகளுக்கு நடுவே, தரைத்தகட்டின் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இரும்பு இரும்பில் படும் சத்தம். அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 

2. முந்தைய நாள் லேபில்

விமானப்படையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது டூல் செக். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டூலும் போர்டில் அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானம் நகரக் கூடாது. அதே போர்டை எங்கள் பள்ளி லேபிலும் மாட்டினேன். பன்னிரண்டு டூல், பன்னிரண்டு நம்பர். ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமைதான் பிராக்டிகல். ஸ்ரவந்தி என்ற மாணவி எண்ணி நோட்டில் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் நோட்டோடு வந்தபோது நான் போனில் இருந்தேன். மறுநாள் வருவதாகக் கலாவதி அப்போதுதான் சொல்லியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், நம்பர் செவன் லேது."

"சரிம்மா, இருக்கும், தேடிப் பாரு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைக் கிறுக்கினேன்.

அந்த ஏழாம் நம்பரை அதற்கு முந்தைய வாரம் கிளப்புக்கு எடுத்துப் போனவன் நான்தான். சீட்டுகளுக்கு நடுவில் உள்ள மூடியைத் திறந்து ஒரு கிளாம்ப்பை முறுக்கினேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டூலை உள்ளேயே மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்து மூடியைக் கையால் திருகி மூடினேன். பிறகு வாரம் முழுக்க மழை, அந்த விமானத்தை யாரும் எடுக்கவில்லை. ஞாயிறு காலை தரையில் ஸ்டிக்கை முழுக்க ஆட்டிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. மேலே ஏறும்போது அந்த ஸ்க்ரூ டிரைவர் பின்னால் சரிந்து, ஸ்டிக்கோடு சேர்ந்த ராடுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது.

3. இறக்கம்

"என்னங்க, ஏன் பேச்சையே காணோம்?" ஹெட்செட்டில் கலாவதியின் குரல்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமதான் மூஞ்சி இப்படி வேர்க்குதா? மறைக்கிறது நக்கோ. சொல்லுங்க."

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பயந்தால் அவள் தமிழில் 'வேண்டாம்' போய், அந்த ஊர் உருதுவின் 'நக்கோ' வந்துவிடும்.

"அடியில ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடக்கு. ஸ்டிக்கைத் தடுக்குது."

"யாரு போட்டது?"

"நான்தான்."

அவள் தன் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"இறக்கிடுவீங்களா?"

"இறக்கிடலாம்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னு சொல்லாதீங்க."

"இறக்கிடுவேன்."

பொய். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கிளப்புக்கு ரேடியோவில், ஸ்டிக் இறுகிவிட்டது, ரன்வேயைக் காலி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

மூக்கைச் சற்றுத் தாழ்த்தினேன். டூல் முன்னால் உருண்டது, ஸ்டிக் விடுபட்டது. ஆனால் மூக்கைத் தூக்கினால் அது திரும்பப் பின்னால் வரும். ஆகவே தூக்கவே கூடாது. எஞ்சினை அணைக்காமல், வேகத்தோடு, தட்டையாக இறக்க வேண்டும். அப்படி இறக்கி எனக்குப் பழக்கமில்லை.

மூன்று சக்கரமும் ஒன்றாக மோதின. விமானம் எகிறியது. கலாவதி கத்தவில்லை, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மோதி எகிறியது. மூன்றாவது தடவை எகிறாமல் தரையிலேயே ஓடியது. ரன்வே முடிய ஐம்பது அடி இருக்கும்போது பிரேக் பிடித்து நின்றது.

கிளப் இன்ஜினியர் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். அவசரமாக மூடியைத் திறந்தேன். சிவப்புக் கைப்பிடி, அதில் ஸ்ரவந்தி நெயில் பாலிஷால் எழுதிய 7. சட்டென்று எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டேன். லைசென்ஸ் போய்விடுமே என்ற பயம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கலாவதி பார்த்துவிட்டாள். இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய எடுங்க."

"கலா, அவங்க என்னை..."

"எடுங்கன்னேன். இன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. நாளைக்கு இன்னொருத்தன் அவன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வருவான். அவனுக்கு யாரு சொல்றது?"

எடுத்து இன்ஜினியர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். ஆறு மாதம் பறக்கத் தடை போட்டார்கள். நியாயம்தான்.

4. திங்கட்கிழமை

இன்ஜினியர் திருப்பிக் கொடுத்த ஏழாம் நம்பரை லேப் போர்டில் மாட்டினேன். ஸ்ரவந்தி நோட்டோடு வந்து, எங்கே கிடைத்தது என்று தெலுங்கில் கேட்டாள். மழுப்பாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டையும் ஒரு தடவை எண்ணினாள். பிறகு என்னையும் எண்ணச் சொன்னாள். எண்ணினேன்.

கையெழுத்துப் போட நோட்டை வாங்கியபோதுதான் சனிக்கிழமைப் பக்கம் கண்ணில் பட்டது. குண்டு குண்டான ஆங்கில எழுத்தில் அவள் எழுதியிருந்தாள்: நம்பர் ஏழு இல்லை, சாரிடம் சொன்னேன். அதற்கு நேர் கீழே என் கையெழுத்து.

விமானம் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெயரைப் போடுவதற்கு முன் மேலே உள்ள வரியைப் படியுங்கள். இருபது வருடம் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டது ஒரே ஒரு தடவை. மறுநாள் காலை அந்த விமானத்தில் என் மனைவியை ஏற்றி, நானே பெல்ட்டும் மாட்டிவிட்டேன்.