அவிநாசியில் தேர் பார்த்தேன், அனுப்பர்பாளையத்தில் பெட்ரோல் டேங்கின் மூச்சைப் பார்த்தேன்

அவிநாசித் தேரின் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன். தேரோட்டம் சித்திரையில்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தில் இடிபடுகிற பொறுமை எனக்குக் கிடையாது, நிற்கிற தேரே போதும். காலை ஏழு மணிக்குக் கோவை ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்ரோலோடு சேர்த்து 2,800 ரூபாய்க்கு ஒரு நாள் வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் சலீம் அருள்புரத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கார் அவருடைய சொந்தக் கார்.

அவிநாசி அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். தேரை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இதையா மனிதர்கள் இழுக்கிறார்கள் என்று வாயைப் பிளந்தபடி திரும்பி வந்தால், சலீம் ஸ்டியரிங்கில் தலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“மறுபடியும் வந்துருச்சுங்க அக்கா” என்று மீட்டரைக் காட்டினார். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

“ஓடுதில்ல? ஓட்டுங்க தம்பி.”

“ஓடுமுங்க. ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு எங்கூருப் பனியன் கம்பெனில வண்டியப் பார்க்கறாங்க. சரக்கு வாங்க வர்ற வெளிநாட்டுப் பையருங்கள ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர்ற வேலைங்க. போன வாரம் இந்த லைட்டப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் எரிஞ்சா வேற வண்டிக்குக் குடுத்துருவாங்க.”

இரண்டு பட்டறைகளில் காரைச் சோதிக்கும் கருவியை மாட்டி விளக்கை அணைத்து அனுப்பினார்களாம். மறுநாளே திரும்ப எரிந்ததாம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எங்கே ஊர் சுற்றுவது? யாரோ ஒரு பெண் மெக்கானிக் கெட்டிக்காரி என்று சொன்னதைக் கேட்டு, பத்தே கிலோமீட்டரில் இருக்கும் அனுப்பர்பாளையத்துக்கு விட்டோம்.

கோவில்பட்டியிலிருந்து வந்து இங்கே பட்டறை வைத்திருக்கும் செல்விக்குக் குரல் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். “என்ன பாய், காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரத் தூக்கிப் போட்டுருவீயளோ? லைட்ட அணைச்சா நோய் போயிருமா?” என்று ஆரம்பித்தே விட்டார்.

விஷயம் இதுதான். டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே கசியாமல் கரி நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைத்து, பிறகு இஞ்சினுக்கு அனுப்பும். கசிவு இருக்கிறதா என்று உள்ளே இருக்கும் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அட, பெட்ரோல் டேங்க் என்றால் வெறும் தகர டப்பா என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

செல்வி முதலில் அந்தக் கரி டப்பாவின் காற்றுவழியைக் கழற்றினார். வடிகட்டியில் ரோஸ், நீலம், வெள்ளை என்று அடுக்கடுக்காகப் பனியன் பஞ்சு. “இந்த ஊருல எல்லா நோய்க்கும் பஞ்சுதான்” என்று சிரித்துக்கொண்டே சுத்தம் செய்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் கருவியில் டேங்க் அழுத்தம் இம்மியும் மாறவில்லை. செல்வியின் சிரிப்பு நின்றது. “நான் நெனச்சது தப்பு” என்று பட்டென்று ஒத்துக்கொண்டார்.

பெட்ரோல் மூடியைத் திறந்தார். “இப்ப உள்ளயும் வெளியயும் ஒரே காத்து. பூஜ்யம் காட்டணும்.” காட்டவில்லை, டேங்குக்குள் காற்றே இல்லாதது போல ஏதோ எண் நின்றது. ஒயரைக் கழற்றினார், எண் சட்டென்று மாறியது. “ஒயர் நல்லாருக்கு. சென்சார்தான் போயிருக்கு. இப்ப தெர்மாமீட்டருக்கே காய்ச்சல்.”

கோவைக்குப் போன் போட்டார். புது சென்சார் பஸ்ஸில் வரும் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் சலீமுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காற்றைப் பீய்ச்சி அடிக்கும் பட்டறையின் ஏர் கன்னை எடுத்து சீட்டுக்கு அடித்தார், மிதியடிக்கு அடித்தார். பனியன் கம்பெனிகளில் வேலை முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சுக்கு ஏர் அடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள், அந்த ஊர்ப் பழக்கம். அப்படியே திறந்திருந்த பெட்ரோல் வாய்க்குக் கொண்டுபோனார்.

“பாய்! அத எங்க வைக்கிறீய?”

“எப்பவும் அடிக்கறதுதானுங்க. வாராவாரம் எங்கண்ணன் வேலை பார்க்கற கம்பெனில நிறுத்தி, இந்த வாய்ல நல்லாச் சொருகி அடிச்சுருவேனுங்க. பஞ்சு உள்ள போயிரக்கூடாதில்லீங்க?”

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டார். “மூச்சுக்காத்த அளக்கிற சென்சாருக்குள்ள புயலயே விட்டுருக்கீயளே!”

மதியம் ஒன்றே முக்காலுக்குப் பஸ் வந்தது. சென்சார் தீப்பெட்டி அளவுகூட இல்லை. செல்வி அதை ஒயரில் மாட்டி, அதன் மூக்கு போன்ற முனையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி என்னிடம் நீட்டினார். “லேசா ஊதுங்கக்கா.” ஊதினேன். திரையில் எண் ஏறியது. உறிஞ்சினேன், இறங்கியது. என் மூச்சு, அம்மாடி, எண்ணாக ஏறி இறங்குகிறது! உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையில் பார்த்த தேரை இழுக்க ஓர் ஊரே வேண்டும், இதை அசைக்க ஒரு பெருமூச்சு போதும். பழையதில் சலீம் முக்கி முக்கி ஊதினார், எண் செத்துக் கிடந்தது.

“இவ்ளோ பூஞ்சையானதுங்களா அது? நானே கொன்னுட்டேனுங்களே” என்றார் சலீம். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் செல்விகூடக் கிண்டலை விட்டுவிட்டுப் புது சென்சாரை டேங்கில் பொருத்தி விளக்கை அணைத்தார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அவிநாசிக் கோயிலுக்கு வெயிலுக்கு முன் போய்விடுங்கள். இந்தப் பக்கம் காரில் சுற்றினால் காற்றுவழி வடிகட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் வெறுமனே அணைத்துத் தரும் பட்டறைக்குப் போகாதீர்கள். பெட்ரோல் வாயில் ஏர் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள், அது ஆபத்தும்கூட.

நாலு மணிக்கு அருள்புரம் கம்பெனிக்கு நானும் போனேன், மனசு கேட்கவில்லை. விளக்கு எரியவில்லை. மேனேஜர் உள்ளிருந்து வருவதற்குள், வாசலில் இருந்த வாட்ச்மேன் கார் பளிச்சென்று இருக்கட்டுமே என்று நல்ல மனசோடு ஏர் கன்னை இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

சலீம் கதவைக்கூடச் சாத்தாமல் பாய்ந்து போய், பெட்ரோல் மூடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார்.

“வேண்டாமுங்கண்ணா! அது மூச்சு விட்டுட்டு இருக்குதுங்க!”

மேனேஜர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குனிந்து மீட்டரைப் பார்த்தார். “நாளைக்குக் காலைல ஆறு மணி பிளைட்டுங்க, போயிருங்க” என்றார். சலீம் தலையாட்டினார், கையை மட்டும் எடுக்கவில்லை.