போயா நாளில் ஓடாத ரயில்

ரிவர்ஸ்டன் சரிவில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மற்ற எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேன்கள், மோட்டார் சைக்கிள்கள், கூரையில் சட்டி பானை கட்டிய ஒரு பழைய பஸ், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மூடுபனியைப் பிடிக்கப் பார்க்கும் பிள்ளைகள். தோளில் ஒரு பையோடு தனியாக இறங்குகிறவனைப் பார்த்துச் சிலர் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. காலை பத்து மணி. வேலையை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் மாத்தளை ரயில் நிலையத்தில் நிற்க வேண்டும்.

முழுநிலா நாளுக்கு ஒரு நாடே லீவு போடுவது ஒன்பது வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. அங்கே, தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்: நம் பக்கம் பௌர்ணமி என்றால் கோயிலில் கூட்டம் இருக்கும், மலையைச் சுற்றுவார்கள், ஆனால் ஆபீஸும் கசாப்புக் கடையும் சாராயக் கடையும் வழக்கம்போலத் திறந்திருக்கும். இங்கே அதற்குப் போயா என்று பேர். மாதம் தவறாமல் வரும். கந்தோர், அதாவது ஆபீஸ், மூடும், இறைச்சி கிடைக்காது, வெள்ளை உடுத்திய குடும்பங்கள் பூத்தட்டோடு விகாரைக்குப் போகும், மற்றவர்கள் சுற்றுலா கிளம்புவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். இருந்தும் தவறவிட்டேன். என் அறைச் சுவரில் தொங்கியது போடிநாயக்கனூரிலிருந்து அக்கா வருடாவருடம் ஆள் வழியாகக் கொடுத்தனுப்பும் தினசரிக் காலண்டர். அதில் ராகுகாலம் இருக்கும், தமிழ்நாட்டு அரசு விடுமுறை சிவப்பில் இருக்கும். பௌர்ணமிக்கு ஒரு சின்ன வட்டம் மட்டும் இருக்கும். இந்த நாட்டில் இருந்துகொண்டு அந்த நாட்டுத் தேதியைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றால் பெரியம்மா மகள் விஜயா. எங்கள் இரண்டு குடும்பமும் ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தன. தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் பெரியம்மா குடும்பம் இந்தியப் பிரஜைகளாகக் கப்பலேறியது. எங்கள் வீட்டார் பின்னால் கலவரத்துக்குப் பயந்து படகில் போனார்கள், அகதிகளாக. நான் பிறந்தது திண்டுக்கல் பக்கத்து முகாமில். அம்மா செத்த வருடம் அக்காதான் வந்து கூட்டிப் போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அவளிடம் சொல்லாமல் ஒரு போர்வெல் லாரியில் ஏறிவிட்டேன். அப்புறம் திருப்பூர் சாயப்பட்டறை, மூணாறு, இன்னும் பல இடங்கள். பெற்றவர்களின் நாட்டுக்கே போய்விடலாம் என்று இங்கே வந்தபோதும் விமான நிலையத்திலிருந்துதான் அவளுக்குப் போன் செய்தேன். அவள் திட்டவில்லை. "போய்ச் சேந்ததும் சொல்லு" என்றாள். இந்த ஒன்பது வருடத்தில் என்னைப் பார்ப்பதற்கென்று இந்த நாட்டுக்கு யாரும் வந்ததில்லை. அவள்தான் முதல் ஆள்.

வருவதென்று முடிவானதும் போனில் திட்டம் போட ஆரம்பித்தோம். "கொழும்ப மட்டும் பாத்துட்டுத் திரும்பறதுக்கு நான் எதுக்குடா கடல் தாண்டணும்? கட்டடம் மதுரையிலயே கெடக்கு. ரயில்லயே உள்ள போகணும்" என்றாள் அக்கா. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். கொழும்பில் ஒரு இரவு, காலையில் கோட்டை நிலையத்தில் கண்டி ரயில், கண்டியில் மாத்தளை ரயில், என்னிடம் இரண்டு நாள், பிறகு அக்கா, அவள் வீட்டுக்காரர், நான் என மூன்று பேரும் சேர்ந்து நானுஓயா, எல்ல, பதுளை. போனுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வரும். அவர் போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பமாட்டார். "எங்க தங்குறோம்னு கேளு மொதல்ல. எடம் சரியில்லேன்னா அன்னைக்கே கொழும்புக்குத் திரும்பிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நம்ம கெஸ்ட் ஹவுஸ்தான் அக்கா. ரூம் எடுத்து வச்சிட்டேன்" என்றேன். நான் அங்கே சமையல்காரன். அக்காவிடம் மேனேஜர் என்று சொல்லிப் பல வருடமாகிவிட்டது. புலம்பெயர்ந்து கிடக்கிற எல்லோருக்கும் இந்தப் பொய் தெரியும். ஊருக்குச் சொல்லும் வேலை ஒன்று, செய்யும் வேலை ஒன்று. முதலாளியிடம் பின்பக்க அறையைக் கேட்டபோது, "சும்மாதானே கெடக்கு, வரட்டும்" என்றார். தேதி சொன்னேன். தலையாட்டினார். தேதியைக் குறித்தது மாமா. பௌர்ணமி, நல்ல நாள் என்று. அவர் காலண்டரும் என் காலண்டரும் ஒரே அச்சகம்.

அன்று காலை அறையைக் கூட்டப் போனால் உள்ளே யாருடையதோ பெட்டிகள்.

"எந்த ரூம்? ஒனக்குப் புத்தி இருக்கா? இன்னைக்குப் போயா. மூணு நாளைக்கு ஃபுல். கொழும்பு ஆளுங்க பதினாலு பேர் வர்றாங்க" என்றார் முதலாளி.

"தேதி சொன்னேனே முதலாளி."

"தேதிதானே சொன்ன. போயான்னு சொன்னியா?"

ஸ்டேஷனுக்காவது போய்வருகிறேன் என்றேன். பதினாலு பேருக்கு யார் சோறு ஆக்குவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தப் பதினாலு பேரின் பகல் சாப்பாட்டை அந்தரத்தில் விட்டது சரியில்லை. அதற்கு நான் சமாதானம் தேடவில்லை.

பல்லேகமப் பக்கமிருந்து வந்த பஸ் நிற்காமலே போனது. படியில் தொங்கியவர்களுக்கே இடமில்லை. கடைசியில் ஒரு மரக்கறி லொறிக்காரர் ரத்தோட்டை வரை ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து மாத்தளைக்குப் பஸ். ஒன்றே முக்காலுக்கு நிலையத்தில் நின்றேன். மேடை காலியாக இருந்தது. காக்கிச் சட்டை போட்ட சிங்களவர் ஒருவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி ரயிலைக் கேட்டேன்.

"அது ஒபீஸ் நாளைக்கு மட்டும்தான் ஓடும். இன்னிக்கிப் போயாதானே" என்றார் தமிழில். "பின்னேரம் ஒண்ணு வரும். ஐந்தரை, ஆறு." பிறகு என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். என்னை வழிதவறிய சுற்றுலாக்காரன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, எழுந்து வந்து பஸ் நிலையத்துக்குப் போகும் வழியைக் கையைப் பிடித்துக் காட்டி, முத்துமாரியம்மன் கோயிலை மறக்காமல் பார்க்கும்படி சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்றேன்.

அக்காவின் போன் வைஃபை இருக்கிற இடத்தில்தான் பேசும். காலை ஆறு மணிக்குக் கோட்டையிலிருந்து அவள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "ஏறிட்டோம்டா. உங்க மாமாவுக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு அவர் தோளு." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் எழுதிக்கொடுத்த ரயில் இல்லை என்பது இந்நேரம் கண்டியில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கண்டியிலிருந்து கொழும்புக்குத் திரும்ப ரயில் நிறைய உண்டு. மாமா சொன்னால் சொன்னதுதான். ஐந்தரை ரயிலில் அவர்கள் இல்லையென்றால், அக்கா என்னைப் பார்க்காமலே திரும்பிவிடுவாள். இன்னொரு முறை கிளம்பி வருகிற வயதோ வசதியோ அவளுக்குக் கிடையாது.

அந்த நேரத்தைச் சும்மா விடவில்லை. மாத்தளையில் எனக்குத் தெரிந்த நாலு லொட்ஜிலும் கேட்டேன். நாலிலும் கை விரித்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ராசிக் நானாவின் சாப்பாட்டுக் கடையில் ஒரு ப்ளேன்டீ குடித்தேன். டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் அங்கேதான் குடிப்பேன். அவரிடமும் கேட்டேன். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், இருக்கும் என்பதை ஈக்கும் என்பார்கள். "லொட்ஜா? இன்னைக்கா? கூரைக்கு மேலயும் ஆள் ஈக்கும் மகன்" என்றார்.

ஆறே காலுக்கு ரயில் வந்தது. இறங்கினவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் வடிந்து, இனி யாருமில்லை என்று நான் நினைத்தபோது கடைசிப் பெட்டியிலிருந்து முதலில் ஒரு பச்சைப் பெட்டி இறங்கியது. பின்னால் மாமா. அதற்கும் பின்னால், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா. முடி முழுக்க நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை.

வாசலில் டிக்கெட்டை வாங்கிக்கொள்ள ஆள் நின்றார். மாமா கொடுக்க மறுத்தார். "காசு குடுத்து வாங்குன டிக்கெட்ட ஏன்டா புடுங்குறான்? வெளிய எவனாச்சும் செக்கிங் வந்தா?" இந்த நாட்டில் இறங்குமிடத்தில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று நான் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். அப்படித்தான் எங்கள் முதல் பேச்சு அமைந்தது.

"மெலிஞ்சிருக்க" என்றாள் அக்கா, என் தோளைப் பிடித்துப் பார்த்து.

"கண்டியில எட்டு மணி நேரம் மாப்ள" என்றார் மாமா. "நீ எழுதுன வண்டி இல்ல. கொழும்பு வண்டி எதிர்லயே நின்னுச்சு. ஏறுன்னேன். உங்க அக்கா பெட்டி மேல உக்காந்துட்டா. எந்திரிக்கவே இல்ல. வண்டி போச்சு. சரி, கெஸ்ட் ஹவுஸ் கார் எங்க?"

அவர்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ராசிக் நானா கடைக்குக் கூட்டிப் போனேன். தேநீர் வந்தது. காரைப் பற்றி மாமா இரண்டாம் முறை கேட்டார்.

"கார் இல்ல மாமா. ரூமும் இல்ல. நான் மேனேஜர் இல்ல, சமையக்காரன். இன்னைக்குக் காலையிலேருந்து அதுவும் இல்ல."

மாமா கிளாஸை வைத்தார். அக்காவைப் பார்த்து, "கேட்டியா? கேட்டியா ஒன் தம்பி சொல்றத?" என்றார்.

அக்கா சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும். எப்பப் பேசுனாலும் பின்னாடி வெங்காயம் வதங்குற சத்தம் கேக்கும். எந்த ஊரு மேனேஜர் ஆபீஸ்ல தாளிப்பான்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கெளம்பியிருப்பீங்களா?"

மாமா எழுந்துபோய் வாசலில் நின்றார். கண்டிக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும். அக்கா மட்டும் பார்க்கவில்லை. இவ்வளவையும் கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராசிக் நானா, "ரொட்டி வீசத் தெரியுமா மகன்?" என்றார்.

"கம்பத்துல ரெண்டு வருஷம் வீசினேன். அங்க அதுக்குப் பரோட்டான்னு பேரு."

"பேரு என்னவும் ஈக்கட்டும். என்ட ரொட்டி வீசுற பாஸ் போயாவுக்கு ஊருக்குப் போயிட்டான், வர நாலு நாளாகும். மேல ஒரு அறை ஈக்கு. ஜாதிக்காய் மூட்டையத் தள்ளி வெச்சா மூணு பேரு படுக்கலாம். விடியக் கல்லு சூடாகணும், சரியா?" பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாக, "மச்சான், உள்ள வாங்க. அந்த பஸ்ல நிக்கவும் எடமில்ல" என்றார்.

மாமா உடனே திரும்பவில்லை. பஸ் புறப்பட்டுப் போன பிறகு வந்து உட்கார்ந்து, "ஒரு ராத்திரிதான்" என்றார். "காலையில பதுளைக்கு அடுத்த ரயிலு. அது ஓடுமான்னு நானே கேட்டுக்கறேன்." உண்மையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வந்தார். நாலு நாளைக்கு வேலை ஒப்புக்கொண்டதால் பதுளைக்கு நான் கூடப் போக முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் கல்லுக்கு முன்னால் நின்றேன். கை மறந்திருக்கவில்லை. முதல் நாலு கிழிந்தது, ஐந்தாவது வட்டமாக வந்தது. அக்காவும் மாமாவும் பெட்டியோடு இறங்கி வந்து கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். நான் போட்டதையே பருப்புக் கறியோடு தின்றார்கள். மாமா இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்த அக்கா என் திட்டத் தாளை விரித்தாள்.

"நானுஓயா தாண்டினதும் எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்டா?"

வலது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்று மாலை ஒரு பொய்யை இறக்கிவைத்த அதே மேசை. "தெரியாது அக்கா. நான் அந்த ரயில்ல போனதில்ல. கண்டிக்கு அந்தப் பக்கம் மலைக்குப் போனதில்ல."

மாமா அந்தத் தாளை வாங்கி, நேரம் நேரமாக எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"சரி, நான் பாத்துட்டு ஒனக்குச் சொல்றேன்" என்றாள் அக்கா. "போன எடு. வெங்காயம் வதங்குனாலும் எடு."

அவர்கள் ஏறிய ரயில் ஊதியபோது கடையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஸ்டேஷன் இருநூறு அடிதான். ராசிக் நானா என்னைப் பார்த்தார், போ என்று சொல்லவுமில்லை, போகாதே என்று சொல்லவுமில்லை. நான் அடுத்த உருண்டையை எடுத்து எண்ணெயில் தட்டி வீசினேன்.