நிகழ்ச்சி நிரலில் ஒரு குளிர்பெட்டி

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அம்மாவுக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்து வெளியே வந்தவன் நான். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பதைப் பற்றி அங்கத்தைய அரசாங்கங்கள் பேசவேண்டும் என்று கேட்டு எழுதுவதே என் வேலை என்று ஒருமுறை போனில் சொன்னேன்.

"கடிதம் எழுதவோ அப்பு இவ்வளவு படிச்சனி?" என்றா.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் நான் உதவியாளன். நார்த்மீட்டில் ஒரு அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தேன். அன்ரியின் மகன் மேற்கே சுரங்க வேலையில். சில கிழமைகளுக்கு ஒருக்கால்தான் வீட்டுக்கு வருவார். மருமகள் நிறைமாதம். ஒரே கூரையின் கீழ் மூன்று பேரும் ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆபிரிக்காவில் காலை விடியும்போது இங்கே பின்னேரம். குசினி மேசையில் இருந்து, கிழக்கு ஆபிரிக்க நாடொன்றின் சுகாதார அமைச்சு அதிகாரியுடன் கதைத்துக்கொண்டிருந்தேன். முன்பு மகப்பேற்று மருத்துவராக இருந்த பெண். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். அவர் இறப்புகளைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அன்ரி தண்ணீர்க் குழாயைப் பூட்டினா.

"தம்பி, வீட்டில பிள்ளைத்தாச்சி இருக்கிறாள். இந்தச் செத்த கதையெல்லாம் அவளின்ர காதில விழலாமோ?"

"இல்லை அன்ரி."

"கோவிக்காதையும். அவள் பெத்து எழும்பட்டும், பிறகு வடிவாக் கதையும்."

கோபம் வரவில்லை. எங்கள் வீடாக இருந்தாலும் அம்மா இதைத்தான் சொல்லியிருப்பா. அன்றிலிருந்து வாசலில் நிற்கிற என் பழைய கார்தான் என் கந்தோர்; அதற்குள் இருந்தே போன் பேசினேன். குளிர்காலம். பேசப் பேசக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும், தெரு மறையும்.

அந்த நாட்டில் கூடும் சுகாதார அமைச்சர்கள் மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் தாய்மார் இறப்பை ஏற்றவேண்டும். அதற்காகத்தான் குழு முழுக்கக் கிடந்து உழைத்தது. வெள்ளிக்கிழமை நிரல் மூடப்படும். புதன்கிழமை அந்த அதிகாரி எடுத்தார்.

"உங்கள் குழுவின் வரியை மறுபடியும் வெட்டிவிட்டார்கள். உன் தாளில் எல்லோரும் செத்துப்போயிருக்கிறார்கள், மகனே. அதைத் தொட்டால் பழி தன் தலையில் என்று அமைச்சர் பயப்படுகிறார். அவர் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஏதாவது தா."

"சாகாமல் தப்பிய பெண்கள் இருக்கிறார்களே?"

"அவர்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். தப்பியது படத்தில் எப்படித் தெரியும்?" சிரித்துவிட்டு வைத்தார்.

காருக்குள் போனை மடியில் வைத்தேன். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். மருமகள், கம்பளிச் சால்வையோடு.

"அண்ணா, கதவைத் திறவுங்கோ. மாமி போனில இருக்கிறா." மெல்ல ஏறி இருந்தா. "அங்க என்னத்தில சாகினம்?"

"சொல்ல வேண்டாமெண்டு அன்ரி..."

"மாமியின்ர வயித்தில பிள்ளை இல்லையே. என்ர வயித்திலயெல்லோ இருக்கு."

"கனபேர் இரத்தம் போய்த்தான்."

"எனக்குப் போனா?"

"இங்க ஆஸ்பத்திரியில இரத்தம் வைச்சிருக்கினம். உடன ஏத்துவினம்."

"அங்க?"

"சில ஆஸ்பத்திரியளில அதை வைக்கிற குளிர்பெட்டியே இல்லை."

"எவ்வளவு பெரிசு அது? எங்கட பிரிட்ஜ் மாதிரியோ?"

"ஓம், கிட்டத்தட்ட."

சொல்லும்போதே எனக்கு அது கண்ணில் வந்து நின்றது: வெள்ளையாய், ஆள் உயரத்தில், ரிப்பன் கட்டக்கூடிய ஒரு சாமான். எங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கோ கிடந்தது அது. அவ சால்வையை இழுத்து வயிற்றை மூடினா. பிறகு, "சரி, இப்ப பயம் கொஞ்சம் குறைவு" என்று இறங்கிப் போனா.

அன்றே குளிர்பெட்டியைச் சேர்த்து வரியைத் திருத்தி அனுப்பினேன். வெள்ளி பின்னேரம் அதிகாரியின் பதில் வந்தது: ஏறிவிட்டது. "மாவட்ட மருத்துவமனைகளுக்கு இரத்தம் காக்கும் குளிர்பெட்டிகள்." திரும்பத் திரும்ப வாசித்தேன். தாய்மார் என்ற சொல் எங்கும் இல்லை. அழைத்துக் கேட்டேன்.

"அது பேச்சில் வரும். முதலில் மாநாட்டு அறைக்குள் போவோம்," என்றார்.

யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. குழுவில் எல்லோரும் வீடு போய்விட்டார்கள். மருமகளிடம் சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். புருஷன் வந்திருந்தாராம், இரண்டு பேரும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள். குசினியில் அன்ரி தனிய.

"என்ன தம்பி, முகம் வெளிச்சமாக் கிடக்கு?"

முழுக் கதையும் வாய் வரை வந்தது. அவவின் பின்னால், கதிரையில், புதிதாகத் தோய்த்து மடித்த குழந்தைத் துணிகள்.

"வேலையில ஒரு விசயம் சரிவந்திட்டுது அன்ரி. ஒரு பிரிட்ஜ் விசயம்."

"பிரிட்ஜோ? நல்லது. எங்கடையும் ஒரே சத்தம், ஒருக்காப் பாருமன்."

பிரிட்ஜைச் சுவரை விட்டு இழுத்து, முழங்காலில் நின்று பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. தள்ளி வைத்தபிறகு திரும்பவும் தொடங்கியது.